ஆணியிலிருந்து கழற்றிய டோக்கன்

காரின் பின்சீட்டு நனைந்திருந்தது. டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், ஒரு ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு மட்டும். எலைன் காலையில்தான் அந்தச் சீட்டைத் தட்டித் துடைத்து, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வந்திருந்தாள். மூடிப்போன சுரங்கத்து ஊரான ஊரிகத்தில் மழை பெய்து மாதக்கணக்கு ஆகிறது. லைன் வீடுகளின் தகரக் கூரைகள் மத்தியான வெயிலில் படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவள் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்; விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது. வெயிலில் நின்ற வண்டிக்குள் அவ்வளவு சில்லிப்பு இருக்க ஒரு நியாயமும் இல்லை. கையை முகர்ந்து பார்த்தாள். நனைந்த பாறை வாசனை, அதோடு வெடி வைத்த புகை அடங்கிய பிறகு தொண்டையில் நிற்கிற ஒரு கசப்பு.

வேறு யாராவது இருந்தால் கூப்பாடு போட்டிருப்பார்கள். எலைன் பழைய துண்டை எடுத்துவந்து ஒற்றினாள், பிழிந்தாள், மறுபடி ஒற்றினாள். பிழிந்த தண்ணீர் சாம்பல் நிறத்தில் மண் கலந்து ஓடியது. அதையும் நின்று பார்த்தாள். பிறகு துண்டைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மகன் ஆஷ்லி போன பிறகு அவள் அப்படி ஆகிவிட்டாள். அழுகை வந்திருந்தால் தேவலை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆள் முழுக்க மரத்துக் கிடந்தாள். கை வேலை செய்யும், வாய் பதில் சொல்லும், ஞாயிற்றுக்கிழமை ஆனால் கால் தானாகச் சர்ச்சுக்குப் போகும். புருஷன் மாணிக்கராஜுக்குச் சோறு போடுவாள், சட்டை தேய்த்துக் கொடுப்பாள். முகத்தை மட்டும் பார்க்க மாட்டாள். அந்த முகத்தில் ஆஷ்லியின் மூக்கும் தாடையும் அப்படியே இருந்தன. அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், ஒரு வருஷத்துக்கு மேலாக அவருடைய சட்டைப் பித்தானோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் விடிவதற்குள் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். கட்ச் உப்புப் பாலைவனம். ஆஷ்லி பைக்கில் தனியாகப் போவதற்குப் போட்டுவைத்த பாதை அது. ஹுப்ளி தாண்டுவதற்குள் ஒரு லாரி அவன் பயணத்தை முடித்துவிட்டது. "புள்ள விட்ட எடத்துலருந்து நாம போய் முடிச்சுட்டு வரலாம் எலைன்" என்று மாணிக்கராஜ் சொன்னபோது அவள் சரி என்றாள். எதற்குமே சரிதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் உள்ளே ஒரே ஒரு இடம் மரக்காமல் மிச்சம் இருந்தது. மகனை அனுப்பிவிட்டுத் தொலைத்தாயிற்று. இந்த மனுஷனையாவது முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதனால் ஏற்பாடுகளில் ஒரு குறையும் வைக்கவில்லை. ஸ்டெப்னி ஒன்றுக்கு இரண்டாக ஏற்றினார்கள். பஞ்சர் ஒட்டும் சாமான், இழுக்கும் கயிறு, ஃபேன் பெல்ட், டார்ச், தார்ப்பாய், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்கள், சிக்னல் இல்லாத இடத்துக்குக் காகித மேப். குடிதண்ணீர் கேன்கள் மட்டும் காலியாக நின்றன; சாயங்காலம் குழாயில் தண்ணீர் விடும்போதுதான் பிடிக்க வேண்டும். அந்தப் பாலைவனத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்ன ஒரு விஷயத்தை மாணிக்கராஜ் அவளைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். வழியில் வண்டி நின்றுபோனால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. தேடி வருகிறவர்கள் வண்டியைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்கள்.

"இன்னா ஆனாலும்?" என்பார் அவர்.

"இன்னா ஆனாலும் வண்டிய விட்டு எறங்க மாட்டேன்" என்பாள் அவள், பித்தானைப் பார்த்து.

அந்த வீட்டில் இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. மாணிக்கராஜின் அப்பா மரியகுழந்தை சுரங்கத்தில் ஷாஃப்ட் என்கிற செங்குத்துக் குழியின் வாயில் நின்று, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை ஏற்றி இறக்கியவர். இறங்குகிறவன் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அவரிடம் கொடுப்பான். அவர் ஆணியில் மாட்டுவார். மேலே வந்ததும் அவனே தன் கையால் கழற்றிக்கொண்டு போவான். ஷிஃப்ட் முடிந்தும் டோக்கன் ஆணியில் தொங்கினால் ஆள் இன்னும் கீழே என்று அர்த்தம். சுரங்கத்தை மூடிய வருஷம் மனுஷர் கொஞ்சம் டோக்கன்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவோரச் சுவரில் ஆணி அடித்து, வீட்டுக்கும் அதே சட்டத்தைப் போட்டுவிட்டார். வெளியூர் போகிறவர் ஒரு டோக்கனை மாட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்தவர்தான் அதைக் கழற்ற வேண்டும், அடுத்தவர் கை படக் கூடாது.

கதவைத் தட்டுவதுகூட அங்கே கேஜ் கணக்குதான். ஆள் ஏறுகிறது என்பதற்கு ஷாஃப்ட்டில் மூன்று மணி அடிப்பார்கள். இந்த வீட்டு ஆட்களும் மூன்று தட்டுத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். மாணிக்கராஜ் மூன்றாவதைக் கொஞ்சம் தாமதமாகத் தட்டுவார். ஆஷ்லி மூன்றையும் ஒரே மூச்சில் தட்டுவான்.

அவன் மாட்டிவிட்டுப் போன டோக்கன் அதே ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பெட்டி வந்தது, அடக்கம் முடிந்தது, வருஷமும் திரும்பிவிட்டது. அதைத் தொட ஒருவருக்கும் மனசு வரவில்லை. அன்று காலை, மாணிக்கராஜ் பெல்ட் வாங்கப் போயிருந்த நேரத்தில், எலைன் அதைக் கழற்றினாள். கூடவே எடுத்துப் போகலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது பாதி நிஜம். கழற்றும்போது அவள் வாய், அவளைக் கேட்காமலே, "ஏறி வந்துடுடா" என்றது.

ஆணி ஆடிப்போயிருந்ததால் அடுத்த ஆணியும் சேர்ந்து கையோடு வந்துவிட்டது. அதில் மாமனார் கம்பியில் கோர்த்து மாட்டியிருந்த பழைய டோக்கன் கொத்து ஒன்று தரையில் விழுந்து கலகலவென்று சிதறியது. உபரி டோக்கன்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாமனார் போன பிறகு சின்ன வயசு ஆஷ்லி அந்தக் கொத்திலிருந்துதான் தனக்கு ஒன்றை உருவி எடுத்துக்கொண்டான். பொறுக்கி மேஜை டிராயரில் போட்டு மூடினாள். அதற்குப் பிறகு வெளியே போய்க் கார்க் கதவைத் திறந்தபோதுதான் சீட்டு நனைந்திருந்தது.

வெயில் தாழ்ந்ததும் மாணிக்கராஜ் வண்டியை ராபர்ட்சன்பேட்டைக்கு எடுத்துப்போக வேண்டும் என்றார். டீசல் நிரப்ப வேண்டும், டயரில் காற்று பார்க்க வேண்டும். கிளம்பும்போது கதவோரம் நின்றுவிட்டார்.

"பையனுது எங்க?"

"நாந்தான் எடுத்தேங்க. கூட எடுத்துகினு போலாம்னு."

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். சட்டையின் மேல்பித்தான் ஏறி இறங்கியதை அவள் பார்த்தாள்.

"நாம எடுக்கக் கூடாதும்மா" என்றார் மெதுவாக. "அப்பா இன்னா சொல்லுவாரு? ரெண்டு கேஜு, கயிறு சுத்தற டிரம்மு ஒண்ணு. இது ஏறினா அது எறங்கும். ஏறி வர்றவனையே பாத்துகினு நிக்காதீங்கடா, அந்தப் பக்கம் எவனோ எறங்கறான்னுவாரு." பிறகு சிரிக்க முயன்றார். "சரி வுடு. நம்மளுத இப்பவே மாட்டிடறேன். காலைல அவசரத்துல மறந்துடுவோம்."

தன்னுடையதை ஓர் ஆணியிலும் அவளுடையதைப் பக்கத்து ஆணியிலும் மாட்டினார். ஊருக்குப் போவதற்கு முந்தின நாளே டோக்கன் மாட்டியது அந்த வீட்டில் அதுவரை நடந்ததில்லை. பின்சீட்டைப் பற்றி அவள் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று தோன்றியது.

வண்டி கிளம்பியது. வாசலில் நின்று பார்த்தாள். மண் ரோட்டில் இறங்கும்போது பின்பக்கம் ஒரு பக்கமாகத் தாழ்ந்து போயிற்று, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனமாக எதையோ ஏற்றியிருப்பது போல. தண்ணீர் கேன்கள் வீட்டுக்குள் காலியாகத்தான் நின்றன. தூரத்தில் பாலகாட் பக்கத்துப் பழைய சுரங்க மண்மேடு வெயிலில் வெள்ளையாகத் தெரிந்தது. வண்டி அதை நோக்கிச் சின்னதாகி மறைந்தது.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு சரோஜம்மா வந்தார். அறுபது தாண்டியவர், தனிக்கட்டை, எலைனுக்கு அக்கா முறை. இவர்கள் போகும் பாதை, தங்கும் ஊர்கள், எந்த ராத்திரி போன் வரவில்லையென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத்தான் சொல்லி வைத்திருந்தது. வீட்டுச் சாவியும் அவரிடம்தான்.

"காலைல ஃபிளாஸ்க்குல காபி போட்டு எடுத்தாறேன். வெறும் வயித்தோட போவாதீங்க" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தவர், காலையில் எலைன் கழற்றி மேஜையில் வைத்திருந்த டோக்கனை எடுத்தார். எடுத்து, கட்டைவிரலால் ஓரத்தைத் தடவினார். தடவிய விரல் நின்றது.

"இது யாருது?"

"ஆஷ்லிதுக்கா."

"இல்ல." சரோஜம்மா விளக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "ஓரத்துல ரெண்டு வெட்டு பாரு. இருட்டுல தடவி எடுக்கத் தோதா அரத்தால ராவி வெச்சிருந்தாரு. இது எங்க அப்பா டோக்கன் எலைனு. காத்தவராயன் டோக்கன்."

காத்தவராயனின் கதை லைனில் எல்லாருக்கும் தெரியும். மகள் சரோஜம்மா குழந்தையாக இருந்தபோது அவர் ஒரு நைட் ஷிஃப்ட்டில் இறங்கினார். கீழே பாறை வெடித்து மூடிக்கொண்டது. அவரோடு இன்னும் பல பேர். தோண்டிப் பார்த்தார்கள், முடியவில்லை, அந்த லெவல் சுரங்கப்பாதையையே அடைத்துவிட்டார்கள். இப்போது ஷாஃப்ட் முழுக்கத் தண்ணீர்.

"உங்க மாமனாரு நல்ல மனுசன்" என்றார் சரோஜம்மா. "ஏறி வராதவங்க டோக்கன யாரும் தொடக் கூடாதுன்னு கம்பில கோத்து மாட்டி வெச்சிருந்தாரு. மூடறப்ப வீட்டுக்கே எடுத்தாந்துட்டாரு. எங்க அம்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும். தொங்கற வரைக்கும் கீழதான் கீறாருன்னு ஒரு இது. எத்தினி பேருது! அந்தக் கொத்து எங்க எலைனு?"

எலைன் டிராயரைப் பார்த்தாள்.

"இத யாரு கழட்டனது?" என்று கேட்டார் சரோஜம்மா. குரலில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது, கேட்கவே கூச்சமான ஓர் ஆசை. டோக்கனை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஏறி வந்துடுடா என்றுதான் காலையில் எலைன் சொன்னாள். பெயர் சொல்லவில்லை. சொல்லாதது நினைவுக்கு வந்தபோது, ஒரு வருஷமாக மரத்திருந்த உடம்பில் முதன்முதலாக ஏதோ உறைத்தது. பயம். போனை எடுத்து மாணிக்கராஜுக்கு அடித்தாள். மணி பக்கத்து அறையில் கேட்டது. சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

டோக்கனைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று ஆணியைச் சுவர் ஓட்டையில் வைத்து அழுத்தினாள். ஆணி நிற்கவில்லை. சுவர் சொதசொதவென்றிருந்தது. ஓட்டையிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கிச் சுவரோரம் தேங்கியது. வேறு இடத்தில் குத்திப் பார்த்தாள். அங்கேயும் சொதசொதப்பு. மாணிக்கராஜின் டோக்கனும் அவளுடையதும் தொங்கின ஆணிகள் மட்டும் அசையாமல் உறுதியாக நின்றன.

வண்டி வெளிச்சம் ஜன்னலில் விழுந்தது. எஞ்சின் நின்றது. கதவு சாத்திய சத்தம். அப்பாடா என்று அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஒரு வருஷமாக வராத நீர். கதவை நோக்கிப் போனவள், தட்டுகிற சத்தத்துக்காக நின்றாள்.

தட்டவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். வரும்போது தலையைக் குனிந்து வந்தார். அந்த வாசல் உயரமான வாசல், அதில் குனிந்து வந்தவர்கள் யாரும் கிடையாது.

சாயங்காலம் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை. அதே பித்தான்கள். காலர்வரை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

"இன்னாங்க இது, எங்க நனைஞ்சீங்க?"

"தண்ணி" என்றார்.

குரல் கரகரத்திருந்தது. சளி பிடித்த மாதிரி, இல்லை, வெகுநாளாகப் பேசாத மாதிரி. அவள் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள். அதற்குள் அவர், சாயங்காலம் அவள் பிடித்துவைத்த கேனைத் தூக்கி அப்படியே குடிக்கத் தொடங்கியிருந்தார். நிறுத்தாமல் குடித்தார். குடிக்கும் சத்தம் நிற்கவே இல்லை.

அப்போதே தலையைத் தூக்கிப் பார்த்திருக்கலாம். ஒரே ஒரு பார்வை போதும். எலைன் பார்க்கவில்லை. பார்க்காதவரை அது அவர்தான். ஒரு வருஷமாகப் பழகிய வேலை. பித்தானிலேயே கண்ணை வைத்துக்கொள்வது அவளுக்கு அன்று சுலபமாக இருந்தது. பயம் வந்த வேகத்தில் அடங்கியது. மறுபடியும் அந்த ஊசி போட்ட கன்னம். தட்டு வைத்தாள், சோறு போட்டாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சோற்றைத் தொடவில்லை.

"எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டார்.

"விடியறதுக்கு முன்னாடி கெளம்பணும்னு நீங்கதான சொன்னீங்க?"

"ம்."

விளக்கை அணைத்த பிறகு அவர் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பாறை வாசனை கட்டிலுக்குக் கிட்டே வந்தது, நின்றது, விலகிப் போனது. மனசுக்குள் ஜெபம் சொல்லிப் பார்த்தாள். வார்த்தைகள் வரிசை தப்பிப் போயின. எப்படியோ தூங்கிவிட்டாள். அதை நினைத்தால்தான் வெட்கக்கேடு, அவளால் தூங்க முடிந்தது.

அலாரம் அடித்தபோது அவர் ஏற்கெனவே வண்டிக்குள் இருந்தார். வெளியே இருட்டு வெளுக்கத் தொடங்கியிருந்தது. பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஆட்கள் ஸ்டேஷன் பக்கம் போகிற செருப்புச் சத்தம் கேட்டது. எலைன் புடவை கட்டினாள். பைகளை ஏற்றினாள். கயிறு இருக்கிறதா, டார்ச் இருக்கிறதா, மேப் இருக்கிறதா என்று கை தானாகச் சரிபார்த்தது. முன்சீட்டில் ஏறிப் பெல்ட் போட்டுக்கொண்டாள். கால் வைத்த இடத்தில் தண்ணீர் சளக்கென்றது. கதவைச் சாத்தினாள். வாசல் விளக்கை அணைக்கவில்லை என்று அப்புறம்தான் நினைவு வந்தது. சாவி சரோஜம்மாவிடம் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார்.

சரோஜம்மா ஃபிளாஸ்க்கோடு வந்தார். இருட்டில் கல் தடுக்காமல் இருக்கப் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தவர், டிரைவர் பக்கம் போய், "இந்தாப்பா மாணிக்கம், சூடா கீது, பாத்து" என்று ஜன்னலுக்குள் நீட்டினார். போன் வெளிச்சம் உள்ளே விழுந்தது.

ஃபிளாஸ்க் கீழே விழுந்தது.

"ப்பா" என்றார் சரோஜம்மா.

அது கிழவியின் குரல் இல்லை. விளையாடப் போய் வாசலில் நிற்கிற சின்னப் பெண்ணின் குரல்.

எலைன் தலையைத் தூக்கினாள். பித்தான். காலர். கழுத்து. அதற்கு மேலே, ஒரு வருஷமாகப் போகாத இடத்துக்குக் கண் போனது.

சின்ன வயசுக்காரன். ஆஷ்லியைவிட நாலைந்து வயசு கூட இருக்கும். தோல் சாம்பல் நிறத்தில் ஊறிக் கிடந்தது. இமை முடியில் சேறு. மாணிக்கராஜின் சட்டைக்குள் இருந்தான். அவளைப் பார்க்கவில்லை. முன்கண்ணாடி வழியாக வெளுத்துவரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், வாய் லேசாகத் திறந்து.

சரோஜம்மா பின்கதவைத் திறந்தார். அந்த ஈரச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்னால் கையை நீட்டி அவன் தோளைத் தொட்டுக்கொண்டார். சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது சத்தம் கேட்டது.

வீட்டுப் பின்பக்கக் குழாயில். பூமிக்கு அடியிலிருந்து இரும்பு வழியாக ஏறி வருகிற சத்தம். கல்லால் அடிப்பது போல.

ஒன்று. இரண்டு.

கொஞ்சம் தாமதம்.

மூன்று.

"இன்னா ஆனாலும் வண்டிய விட்டு எறங்க மாட்டேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். பெல்ட்டைக் கழற்றினாள். இறங்கினாள். ஓடினாள். ஓட முடிந்தது. கால் அவளுடையதாக இருந்தது. எல்லாமே திரும்பி வந்துவிட்டது, வலி, பயம், ஆஷ்லி, எல்லாம், ஒரே சமயத்தில். "இருங்க, வந்துட்டேன், இருங்க" என்று கத்திக்கொண்டே வாசல் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

சுவரில் இரண்டு டோக்கன்கள். அவருடையது, அவளுடையது. இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன. காற்று இல்லை.

குழாய் மறுபடி அடித்தது. ஒன்று. இரண்டு. தாமதம். மூன்று. இந்தத் தடவை அடி பலமில்லாமல் இருந்தது.

இது ஏறினால் அது இறங்கும். அவளுக்குத் தெரிந்தது. தன்னுடைய டோக்கன் எதற்காகத் தொங்குகிறது, அவர் ஏற வேண்டுமென்றால் யார் இறங்க வேண்டும் என்பதும் தெரிந்தது. மாமனார் சொன்னபடியே அவள் ஒரு நிமிஷம் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். பிறகு அவருடையதைக் கழற்றினாள்.

"ஏறி வாங்க" என்றாள். இந்தத் தடவை பெயரைச் சொன்னாள். "மாணிக்கராஜ். ஏறி வாங்க."

பித்தளை பனிக்கட்டி போல இருந்தது. எங்கோ ஒரு மணி அடித்தது. காலடியில் சிமென்ட் தரை ஒரு தரம் குலுங்கி, மெல்ல இறங்கத் தொடங்கியது.

வாசற்படி முழங்காலுக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது. மேஜை அவள் தலைக்கு மேலே போனது. போகும்போது அதன் டிராயர் திறந்து, காலையில் அவள் பொறுக்கிப் போட்ட டோக்கன்களில் ஒன்றுகூட இல்லாமல் காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள். காது அடைத்தது. சுற்றிலும் பாறை, பாறையில் ஓடும் தண்ணீர், அந்தக் கசப்பு வாசனை. மேலே வாசல் வெளிச்சம் ஒரு சதுரமாகி, சுருங்கிக்கொண்டே போனது. அவள் அவருடைய டோக்கனை நெஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர்ப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி வழியில் இரண்டு கேஜும் ஒன்றையொன்று கடக்கும். ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டால் போதும்.

கேஜ் ஏறி வந்தது.

மாணிக்கராஜ் இருந்தார். கம்பியோடு கம்பியாக முகம் நசுங்கி, கண் திறந்து. அவரால் திரும்பக்கூட முடியவில்லை. கேஜ் முழுக்க ஆட்கள். தோளோடு தோள், தலையோடு தலை, நிற்க இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர். வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. ஒருவன்கூட அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் அண்ணாந்து, மேலே அவள் அணைக்காமல் வந்த விளக்கையும் சாத்தாமல் வந்த கதவையும் பார்த்துக்கொண்டே ஏறிப் போனார்கள்.